பழைய டிராக்டருக்குப் பழைய நிறம்

உழவர் பெருமக்கள் பலருடைய கொட்டகையில் தந்தையோ பாட்டனாரோ வாங்கிய பழைய டிராக்டர் ஒன்று இன்றும் நிற்கிறது. சில வண்டிகள் இன்னும் உழவுக்கும், கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டவும் பயன்படுகின்றன. சில, சக்கரம் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. இத்தகைய வண்டியை மீண்டும் ஓட வைத்து, வாங்கிய நாளில் இருந்ததைப் போன்ற நிறத்தில் காண வேண்டும் என்ற ஆவல் இப்போது பல குடும்பங்களில் எழுந்துள்ளது.

எஞ்சின் வேலையைத் தேர்ந்த மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஆனால் நிறம் என்று வரும்போது, "சிவப்பு அடித்துவிடுங்கள்" என்று பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சிவப்பில் எத்தனையோ சிவப்பு உண்டு. தவறான நிறத்தை அடித்த பிறகு அசலைத் தேடினால், அதற்குரிய சான்று உப்புத்தாளோடு போய்விட்டிருக்கும். ஆகவே சுரண்டத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவற்றை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

பூச வேண்டுமா, வேண்டாமா?

ஆலையில் அடித்த பெயிண்ட் ஒரு வண்டிக்கு ஒருமுறைதான் கிடைக்கும். பெரும்பகுதி அசல் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு, ஆங்காங்கே மட்டும் துரு இருக்குமானால், முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. சோப்பு நீரால் கழுவி, ரப்பிங் காம்பவுண்டு கொண்டு மெதுவாகத் தேய்த்து, மெழுகு பூசினாலே மங்கிய நிறம் பெருமளவு திரும்பும். துருப்பிடித்த இடங்களுக்கு மட்டும் அதே நிறத்தில் ஒட்டுப் பூச்சு போதுமானது. செலவும் குறையும், வண்டியின் மதிப்பும் கெடாது.

தகடு ஓட்டை விழுந்தோ, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தோ, முன்பே இரண்டு மூன்று முறை வேறு நிறம் அடிக்கப்பட்டோ இருந்தால் முழுப் பூச்சு தேவைப்படும். எந்த வழியாயினும் எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங், ஹைட்ராலிக் வேலைகளை முடித்த பிறகே நிறத்துக்கு வர வேண்டும். பூசிய பின் எஞ்சினை இறக்கினால் பூச்சு பாழாகும்.

வண்டியின் ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே பெயருடைய டிராக்டர் எல்லா ஆண்டுகளிலும் ஒரே நிறத்தில் வரவில்லை. சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பெர்குசன் டி.இ. 20 முழுவதும் சாம்பல் நிறம். அதை அடுத்து 1956ல் வந்த பெர்குசன் 35க்குத் தகடுகள் சாம்பல் நிறம். எஞ்சினும் கியர் பெட்டியும் வெண்கலப் பொன்னிறம். 1957ஆம் ஆண்டின் இறுதியில் அதே வண்டி மாசி பெர்குசன் 35 என்ற பெயரில் சிவப்புத் தகடுகளோடும், சாம்பல் நிற எஞ்சினோடும் வந்தது. எனவே சிவப்பாகக் காணப்படும் ஒரு 35ன் கியர் பெட்டியைச் சுரண்டும்போது அடியில் வெண்கல நிறம் தென்பட்டால், அந்தச் சிவப்பு பின்னர் அடிக்கப்பட்டது என்று அறியலாம். சென்னையில் 1960ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் வண்டிகள் இந்தச் சிவப்பு மரபைச் சேர்ந்தவை.

போர்ட்சன் மேஜர் வண்டிக்கு நீல உடலும் ஆரஞ்சுச் சக்கரங்களும் அடையாளம். அதன் பின் வந்த சூப்பர் மேஜரில் 1963ஆம் ஆண்டு மாற்றம் ஏற்பட்டது. உடல் நீலமாகவே இருக்க, சக்கரங்களும் மட்கார்டுகளும் வெளிர் சாம்பல் நிறமாயின. 1962ல் வாங்கிய சூப்பர் மேஜருக்கும் 1964ல் வாங்கியதற்கும் ஒரே மாதிரி அடித்தால் இரண்டில் ஒன்று தவறாகவே இருக்கும்.

ஆகவே முதல் வேலையாக, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த கையேடு வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். டிராக்டருக்கு மாலையிட்டு எடுத்த பழைய புகைப்படங்கள் பல வீடுகளில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படமாயினும் அதில் நிறம் மாறும் எல்லைக் கோடு, எழுத்து இருந்த இடம், விளக்கின் வடிவம் தெரியும். அந்நாளில் வண்டியை ஓட்டிய முதியவரையும் கேளுங்கள்.

அசல் நிறம் ஒளிந்திருக்கும் இடங்கள்

வெளியில் தெரியும் நிறம் அசல் நிறமன்று. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பெயிண்டைப் பிணைத்திருக்கும் பசையைச் சிதைக்கின்றன. மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தது போல் வெளுக்கிறது. விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும். சிவப்பு, இளஞ்சிவப்பாகவோ செங்கல் நிறமாகவோ மாறிவிடும். எஞ்சின் பக்கத்தில் வெப்பமும் டீசலும் நிறத்தைப் பழுப்பாக்கும்.

வெயிலும் எண்ணெயும் படாத இடங்களில் அசல் நிறம் தங்கியிருக்கும். பின்வரும் இடங்களில் தேடுங்கள்:

1. பெயர்ப் பட்டையும் சின்னமும் மூடியிருந்த இடம்.
2. டேஷ் போர்டின் பின்புறம், மீட்டர் விளிம்பு அழுந்திய வளையம்.
3. பேட்டரிப் பெட்டியின் அடிப்புறம். அமிலம் சிந்திய பகுதியை விட்டுவிடவும்.
4. மட்கார்டு, சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்ட முகம்.
5. டூல்ஸ் பெட்டியின் உள் மூடி.
6. விளக்குக் கிண்ணத்தின் பிடி, கிளாம்ப் இவற்றின் அடிப்பகுதி.

மண் மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் வெட்டாமல் வயலின் பல இடங்களில் எடுக்கிறோம் அல்லவா? அதே போல் நிறத்தையும் குறைந்தது மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் நம்பலாம். ஒன்று மட்டும் மாறினால் அப்பாகம் வேறு வண்டியிலிருந்து மாற்றப்பட்டதாக இருக்கலாம்.

பல முறை பூசப்பட்ட வண்டியில் அடுக்குச் சோதனை செய்யலாம். தட்டையான ஓரிடத்தில் 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் இரும்பு தெரியும் வரை தேய்த்தால், அதைச் சுற்றிப் பிரைமர், முதல் நிறம், அடுத்த நிறம் என்று மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வளையங்கள் தோன்றும். ஆலைப் பிரைமரின் மேல் உள்ள முதல் நிறமே ஆலை நிறம். பிரைமருக்கு அடியிலேயே வேறு நிறம் இருந்தால் அப்பிரைமர் பட்டறையில் அடித்தது என்று கொள்க.

இவ்விடங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது நலம். ஆனால் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லக்கூடாது. கைப்பேசி ஒவ்வொன்றும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

நிறத்தை ஒப்பிடும் முறை

நெற்பயிருக்குத் தழைச்சத்து இட இலை வண்ண அட்டை பயன்படுத்தும் உழவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அட்டையைப் பார்க்கும்போது நேர் வெயில் இலையில் விழாதபடி உடலின் நிழலில் வைக்கிறோம். ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில், ஒருவரே பார்க்கிறார். வெளிச்சம் மாறினாலும் கண் மாறினாலும் கணக்கு மாறும் என்பதே காரணம். பெயிண்டுக்கும் இதே விதிகள்தாம்.

கழற்றக்கூடிய சிறு பாகம் ஒன்றை, எடுத்துக்காட்டாக டூல்ஸ் பெட்டி மூடியை, பெயிண்ட் கலக்கும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ளங்கை அளவு தட்டையான பரப்பைக் கழுவி, காம்பவுண்டு போட்டு, பளபளப்பு வரும் வரை தேய்த்திருக்க வேண்டும். நகரத்துக் கடைகள் பலவற்றில் நிறத்தை அளக்கும் கருவி உள்ளது. அது தரும் கலவை நல்ல தொடக்கமே தவிர முடிவு அன்று.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5 என்ற தரநூலில் நிறங்களுக்கு எண்கள் உண்டு. 537 என்றால் சிக்னல் சிவப்பு. 538 என்றால் அஞ்சல் பெட்டிச் சிவப்பு. 631 என்றால் வெளிர் சாம்பல். கடைக்காரரும் நீங்களும் ஒரே நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வெண்கள் உதவும். ஆயினும் டிராக்டர் நிறுவனங்கள் தமக்கென்று தனி நிறங்களைக் கலந்து வந்தன. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் மாதிரியோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

முதலில் சிறிதளவு மட்டும் கலந்து வாங்கி, ஒரு தகரத் துண்டில் சோதனை செய்யுங்கள். வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரைத் தகரத்தில் அடித்து, அதன் மேல் இரண்டு பூச்சுகள் கொடுத்து, நன்கு உலரவிடுங்கள். ஈரத்தில் இருக்கும் நிறம் வேறு, உலர்ந்த நிறம் வேறு. பிரைமரும் முக்கியம். சிவப்பு, மஞ்சள் பெயிண்டுகள் பலவற்றுக்கு அடிநிறத்தை மறைக்கும் ஆற்றல் குறைவு. ஒரே சிவப்பு, சாம்பல் பிரைமரின் மேல் ஒரு விதமாகவும் செம்பழுப்புப் பிரைமரின் மேல் வேறு விதமாகவும் தோன்றும்.

உலர்ந்த தகரத்தை அசல் பாகத்தோடு ஒட்டி வைத்து, காலையில் நிழலிலும், நண்பகல் வெயிலிலும், இரவில் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். பகலில் ஒத்திருக்கும் இரண்டு நிறங்கள் விளக்கில் வேறுபடுவது உண்டு. இரண்டிலும் சேர்ந்துள்ள நிறமிகள் வேறு வேறு என்பதே இதற்குக் காரணம். எல்லா வெளிச்சத்திலும் ஒத்துவருமானால் மிக நன்று. இல்லாவிடில் பகல் வெளிச்சத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

எந்த வகைப் பெயிண்ட்?

சந்தையில் மூன்று வகைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது சிந்தெடிக் எனாமல். கலக்குவது எளிது, விலை குறைவு, பழைய டிராக்டரின் தோற்றத்துக்கு நெருங்கி வரும். உலர நேரமாகும். இரண்டாவது, பட்டறைகளில் டூகோ என்று சொல்லப்படும் என்.சி. பெயிண்ட். விரைவில் உலரும். ஆனால் டீசலையும் பெட்ரோலையும் அவ்வளவாகத் தாங்காது. மூன்றாவது, கெட்டிப்படுத்தும் மருந்தைக் கலந்து அடிக்கும் பி.யு. பெயிண்ட். உறுதியானது, பளபளப்பு மிக்கது, விலையும் அதிகம். இதன் மருந்தில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. துணியும் சாதாரண முகமூடியும் இதைத் தடுக்கமாட்டா. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் உள்ள பட்டறையில் மட்டுமே இதை அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் அடிக்க வேண்டாம்.

வயலில் உழைக்கும் வண்டிக்கு எனாமலே ஏற்றது. எனாமலின் மேல் என்.சி. பெயிண்டை அடித்தால் அதன் தின்னர் அடிப்பூச்சைச் சுருக்கி எழுப்பிவிடும். எனவே ஒரே வகையை அடி முதல் நுனி வரை பயன்படுத்த வேண்டும். பழைய டிராக்டர்கள் கார்களைப் போலக் கண்ணாடிப் பளபளப்போடு வரவில்லை. மேலே கிளியர் கோட் அடிப்பது அசலுக்குப் பொருந்தாது.

ஈயம் கலந்த பழைய பெயிண்ட்: எச்சரிக்கை

இது எல்லாவற்றிலும் முக்கியமானது. பழைய நாளில் துருவைத் தடுக்கச் சிவப்பு ஈயப் பிரைமர் பயன்பட்டது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளிலும் ஈயம் சேர்ந்திருந்தது. அதைச் சுரண்டிய தூள் மூச்சிலும் உணவிலும் கலந்தால் உடலில் தங்கும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மாடுகளுக்கு நக்கும் பழக்கம் உண்டு. பெயிண்ட் செதிலையும் பழைய பேட்டரித் தகட்டையும் நக்கிய மாடுகள் ஈய நஞ்சால் கண் தெரியாமல், வலிப்பு வந்து இறப்பது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி.

ஆகவே மாட்டுத் தொழுவம், வைக்கோல் போர், கிணறு, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் பெயிண்டைச் சுரண்டக்கூடாது. தரையில் தார்ப்பாய் விரியுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தொட்டே தேயுங்கள். நெருப்பு வைத்துப் பழைய பெயிண்டை எரிக்க வேண்டாம்; ஈயம் புகையாகக் கிளம்பும். தூள் வடிகட்டும் முகமூடி அணியுங்கள். வேலை முடிந்ததும் செதில்களையும் சேற்றையும் பையில் கட்டி, உள்ளாட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் சேருங்கள். எருக்குழியில் கொட்டினால் ஈயம் வயலுக்குப் போகும். கைகால் கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்க வேண்டும்.

பரப்பைத் தயாரித்தல்

விதை நேர்த்தி இல்லாத விதை போன்றது தயாரிக்காத தகடு. கிரீஸையும் டீசலையும் முதலில் நீக்கிய பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும். மாறினால் உப்புத்தாளே கிரீஸைத் தகட்டுக்குள் தேய்த்துவிடும். பூச்சு அங்கே ஒட்டாது.

உழவு வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் மூட்டைகளை ஏற்றிய டிராக்டரின் மூட்டுகளிலும் விளிம்புகளிலும் உர உப்பு தங்கியிருக்கும். அதன் மேல் பூசினால், உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளங்களை எழுப்பும். எனவே இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, அமிலத் துரு நீக்கி இட்டால் மறுபடியும் கழுவி உலர்த்துங்கள். பள்ளங்களை டிங்கர் வேலையால் நிமிர்த்திய பிறகே புட்டி வைக்க வேண்டும். புட்டியைக் கொண்டு பள்ளத்தை நிரப்பினால், உழவின் அதிர்வில் உதிர்ந்துவிடும். சுத்தமான இரும்புக்கு அன்றே பிரைமர் அடிப்பது அவசியம். ஓரிரவு விட்டால் பனியில் துரு மீண்டும் பூக்கும்.

எவ்வளவு வாங்குவது?

பானெட், மட்கார்டுகள் ஆகியவற்றின் இரு பக்கங்களையும் அளந்து கணக்கிடுங்கள். 6 சதுர மீட்டர் வருவதாகக் கொள்வோம். இரண்டு பூச்சுக்கு 12 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு 8 சதுர மீட்டர் வரும் என்று கொண்டால் ஒன்றரை லிட்டர். ஸ்பிரே கன்னில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் போகும் என்று வைத்தால் 2.25 லிட்டர் தேவை. டப்பாவில் எழுதியுள்ள பரப்பளவைப் பார்த்து இக்கணக்கைத் திருத்திக்கொள்க. முழு அளவையும் ஒரே கலவையாக வாங்குங்கள். இரண்டாம் முறை கலந்தால் நிறம் சற்று மாறும். கால் லிட்டரை மூடி முத்திரையிட்டு, பின்னாளில் ஒட்டுப் பூச்சுக்கு வைத்துக்கொள்வது நலம். கலவை விகிதத்தைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

பருவமும் பூச்சும்

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூச வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்தால் டூகோ பெயிண்ட் வெண்மையாகப் பூத்துவிடும். எனாமலும் உலராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சம்பா அறுவடை முடிந்து வேலை குறையும் மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. காலைப் பனி விலகிய பிறகு, தகடு சூடேறும் முன் பூசுங்கள். பூச்சி மருந்து அடிக்கும்போது காற்று வீசாத நேரத்தைத் தேர்ந்தெடுப்பது போலவே இதற்கும் காற்றில்லாத இடம் வேண்டும்.

கன்னைத் தகட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் பிடித்து, முந்தைய பட்டையின் மேல் பாதி படியுமாறு நேராக நகர்த்த வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். மெல்லியதாக இரண்டு பூச்சுகளே நல்லவை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அருகில் பீடி, அடுப்பு முதலிய நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

எண், சின்னம், எழுத்து

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உள்ள இடங்களைக் கிரைண்டர் தொடக்கூடாது. கனமாகப் பெயிண்ட் பூசி எண்களை நிரப்பவும் கூடாது. டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள். விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்கள். எண் தெரியாவிட்டால் புதுப்பிப்பதிலும் விற்பதிலும் தொல்லை வரும். பதிவுச் சான்றில் நிறமும் குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் பூசப்போகும் ஆலை நிறம் அதிலிருந்து வேறுபட்டால், பூசும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் எழுத்துகளையும் சின்னத்தையும் கழற்றும் முன், அவற்றின் மேல் வெண்ணெய்த்தாள் வைத்துப் பென்சிலால் வடிவத்தை எடுங்கள். பானெட் விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருந்தன என்பதையும் எழுதுங்கள். மாசி பெர்குசனின் மூன்று முக்கோணச் சின்னம் 1958 முதல் வழக்கில் வந்தது. அதற்கு முந்திய பெர்குசன் வண்டியில் அதை ஒட்டுவது பொருந்தாது. வார்ப்புச் சின்னம் உடைந்திருந்தாலும் எறியாதீர்கள்; அதை வைத்து அச்செடுத்து வார்க்கலாம்.

கிரீஸ் நிப்பிள், ரப்பர்க் குழாய், மீட்டர்க் கண்ணாடி, ஹைட்ராலிக் தண்டு, காற்றுத் துளைகள் ஆகியவற்றை மறைத்துவிட்டே பூச வேண்டும். நிப்பிளில் பெயிண்ட் அடைத்தால் கிரீஸ் இறங்காது, தாங்கிகள் தேய்ந்துபோகும். முலாம் பூசிய பாகங்களுக்கு மீண்டும் முலாமே போடுங்கள். அவற்றின் மேல் வெள்ளிப் பெயிண்ட் சில மாதங்களில் உரியும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- சுரண்டும் முன் மூன்று இடங்களில் அசல் நிறத்தைக் கண்டறிக.
- வண்டியின் ஆண்டுக்கு உரிய நிறமா என்று சரிபார்க்க.
- தகரத்தில் பூசி, உலர்த்தி, பகலிலும் இரவிலும் ஒப்பிட்ட பிறகே மொத்தமாக வாங்குக.
- பழைய பெயிண்ட் தூளைக் குழந்தைகளிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் விலக்குக.
- சேசிஸ், எஞ்சின் எண்களைக் காப்பாற்றுக.

இவ்வேலைக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் எஞ்சின், அடுத்த ஆண்டில் தகடு, பிறகு நிறம் என்று விளைச்சலுக்கு ஏற்பப் பிரித்துச் செய்யலாம். அதுவரை மாதிரி பாகத்தைத் துணியில் சுற்றி, குறிப்பேட்டோடு வீட்டுக்குள் பத்திரப்படுத்துங்கள். வண்டி எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அதன் நிறத்தை மீண்டும் கண்டுபிடிக்க அந்த ஒரு மூடி போதும்.